எடை மேடையில் இரண்டாமிடம்

ஆரம்பாக்கம் எடை மேடையில் எனக்கு இரவு ஷிப்ட்.
நெல்லூர் அரிசி, சூலூர்ப்பேட்டை இறால், தடா பக்கத்து இரும்பு,
எது முதலில் வந்தாலும் அடுத்து கேட்தான்.
டச்சுக்காரர்களின் வினைச்சொல்லும் அப்படி.
யார் வேண்டுமானாலும் முன்னால் வந்து நிற்கலாம்:
நான், நாளை, மீன், மழையில்.
இரண்டாமிடத்தில் அது
குறுக்கே கம்பு போட்டு உட்கார்ந்திருக்கும்.
'நான்' பிந்தி வந்தால்
கம்புக்கு அந்தப் பக்கம் போய் நிற்க வேண்டும்.
இன்று நிறுக்கிறேன் நான் மீன்.
சொல்லிப் பார்த்தால் நாக்கு முட்டி போடுகிறது.

'இன்று'க்கு அவர்கள் வார்த்தை வந்தாக்.
தூத்துக்குடி உப்பு லாரிக்காரர்கள்
முதலாளியைப் பற்றி "நேத்துதான் வந்தாக" என்பார்கள்.
முனிரத்தினம் போய் இரண்டு வருஷம் நாலு மாசம்.
ரோட்டர்டாமில் கப்பலுக்கு வெல்டிங்.
என் புத்தகத்தில் மட்டும்
பக்கத்துக்குப் பக்கம் வந்தாக், வந்தாக்.

மேசைக்கு முன்னால் டே. பூனைக்கும் டே.
சிறுமிக்கு முன்னால் ஹெட். ஹெட் என்றால் அது.
சின்னதாக்கும் வால் ஒட்டிவிட்டால்
எதுவானாலும் ஹெட்தானாம்.
சாருமதி தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்:
"அப்ப நான் அஃறிணையா?"
"அங்க போனா."
"பூனை?"
அதற்குப் பிறகு அரை நாள் பேசவில்லை.
சோறு மட்டும் கேட்டாள்.

அஃறிணைக்குள் இருக்கிற அந்த மூன்று புள்ளி,
பள்ளியில் யாரும் வாய்விட்டுச் சொல்லாதது,
இங்கே முழுநேர வேலையில் இருக்கிறது.
நாளை என்றால் மோர்ஃகன்.
மீன்முள் சிக்கின மாதிரி சொல்ல வேண்டும்.
நான் பழகிக்கொண்டிருந்தபோது
சுப்பராயுடு கேபினிலிருந்து குனிந்து
"ஏமம்மா, தக்கா?" என்று விக்ஸ் மிட்டாய் தந்தார்.

போன மாசம் அவர் போனில்:
"அடுத்த தையில உன்னையும் பாப்பாவையும் இங்க கூட்டிட்டு"
டவர் போய்விட்டது.
வந்துடுறேன். வர முடியல.
வரணும்னா பணம் வேணும். வரச் சொல்லாத.
எல்லாம் அந்த அறுந்த நுனிக்கு அப்பால்.
மூட்டை முழுக்க ஏற்றிவிட்டு
எடைச் சீட்டு மட்டும் வராத லாரி, நம் வாக்கியம்.

டச்சு தேவலை என்று நினைத்தேன்.
இக் கோம், வருகிறேன்.
எடுத்த எடுப்பிலேயே தெரிந்துவிடும்.
பதினோராம் பாடத்தில் குட்டு உடைந்தது.
வாக்கியத்தின் கடைசியில் ஒரு துண்டு ஒளிந்திருக்கும்.
ஆன் என்றால் வந்து சேர்கிறேன்.
தெருஃக் என்றால் திரும்பி வருகிறேன்.
நீட் என்றால் இல்லவே இல்லை,
பிள்ளைகள் எழுதி அழுகிற நீட் அல்ல, அதைவிடச் சின்னது.

தேர்வில் கேட்பார்களாம்: ஏன் டச்சு படிக்கிறீர்கள்?
ஓம்டாட், ஏனென்றால்,
ஓம்டாட் மெய்ன் மன் இன் ரோட்டர்டாம் வோன்ட்.
என் புருஷன் ரோட்டர்டாமில் வசிக்கிறார்.
ஓம்டாட் வந்ததும் கம்பு மேலே போய்விடுகிறது.
வினைச்சொல் கடைசிவரை நடந்து
நம்ம வீட்டு ஆள் மாதிரி சுவரோரம் உட்காருகிறது.
முதல் தடவையே பிழையில்லாமல் வந்தது.
சமாதானம் சொல்லும்போது மட்டும்
அவர்களும் நம்மைப் போலத்தான் பேசுகிறார்கள்.

நேற்று விடியுமுன் போன்.
"படிக்கிறியா? ஏதாவது சொல்லு பாப்போம்."
மோர்ஃகன் கோம் இக், என்றேன்.
நாளை வருகிறேன் நான்.
"அப்புறம்?"
இறால் லாரி மேடையில் ஏறியது.
பனிக்கட்டித் தண்ணீர் சொட்டச் சொட்ட
சிவப்பு எண்கள் துள்ளிக்கொண்டிருந்தன.
அவை நிற்கும்வரை சீட்டு அடிக்கக் கூடாது.
"அப்புறம் என்ன? சொல்லு."
துண்டு நாக்கடியில் இருந்தது.
டவர் முழுசாக இருந்தது.